மூன்று முறை அழைத்தும்

ஆதிலட்சுமி தன் தம்பி சந்திரமோகன் மேல் வழக்குப் போட்டு ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. அப்பா விட்டுப்போன வீட்டில் பாதி தனக்கு வேண்டும் என்று ஆரணி கோர்ட்டில் போட்ட பாகப்பிரிவினை வழக்கு. இத்தனை வருடத்தில் அக்காவும் தம்பியும் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. ஆனால் அவர்களுக்குள் பேச்சு நின்றதும் இல்லை.

வாய்தா நாள்களில் கோர்ட் வளாகத்துப் புங்கமரத்தடி சிமென்ட் பெஞ்சில் ஆதிலட்சுமி உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் அவளுடைய வக்கீல் இவாஞ்சலின். மரத்துக்கு அந்தப் பக்கம் சந்திரமோகனும் அவன் வக்கீல் பவுல்துரையும் நிற்பார்கள். தம்பியை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆதிலட்சுமி இவாஞ்சலினிடம் கொஞ்சம் சத்தமாகவே சொல்வாள்.

“மேடம், பிரதிவாதி எளைச்சுப் போயிருக்காரே. சுகர் மாத்திரைய ஒழுங்கா போட்டுகினு இருக்காரான்னு கேளுங்க.”

இவாஞ்சலின் தலையைத் திருப்புவாள். “சார், உங்க கட்சிக்காரர் மாத்திரை போடறாரான்னு என் கட்சிக்காரர் கேக்கறாங்க.”

பவுல்துரை வாயைத் திறப்பதற்குள் சந்திரமோகன் மரத்தைப் பார்த்துச் சொல்வான்: “ரெண்டு வேளையும் போடறேன்னு சொல்லுங்க சார். வாதிக்கு மூட்டுவலி எப்படி இருக்குதாம்? பஸ்ல நின்னுகினே வந்தாங்களாமே?”

“எடம் கெடைக்கல, நின்னேன். அவருக்கு இன்னா வந்துச்சாம்?”

இப்படியே போகும். முதலில் இவாஞ்சலினுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, பிறகு பழகிவிட்டது. பவுல்துரை தலை நரைத்த வக்கீல். வரப்புக்காக வெட்டிக்கொண்டவர்களையும் பார்த்தவர். “வக்கீல வெச்சு சண்டை போடற குடும்பம் நெறைய பாத்திருக்கேன்மா. வக்கீல வெச்சு சுகம் விசாரிக்கிற குடும்பத்த இப்பதான் பாக்கறேன்” என்று ஒருநாள் இவாஞ்சலினிடம் சொன்னார்.

சண்டை ஆரம்பித்தது அப்பாவின் கருமாதி அன்று. பந்தி முடிந்து சொந்தக்காரர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். பின்கட்டை இடித்துவிட்டு விசைத்தறி போடப் போவதாகச் சந்திரமோகன் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தான். “என்ன ஒரு வார்த்த கேட்டியாடா? எனக்கும் இதுல பங்கு இருக்குதில்ல?” என்றாள் ஆதிலட்சுமி. பாதி விளையாட்டு, பாதி நிஜம். அப்பாவை வேலூர் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து, தூக்கம் கெட்டு, கடைசியில் பறிகொடுத்து நின்றவனுக்கு அது விளையாட்டாகப் படவில்லை. “பங்கு வேணும்னா கோர்ட்டுக்குப் போய் வாங்கிக்க” என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டான்.

ஆதிலட்சுமி அப்போதே எழுந்தாள். பையை எடுத்துக்கொண்டு கணவர் அய்யனாரோடு தன் ஊரான முள்ளிப்பட்டுக்குப் பஸ் ஏறினாள். அடுத்த மாதம் சம்மன் வந்தது.

அக்கா அப்படித்தான் என்று சந்திரமோகனுக்குத் தெரியும். சின்ன வயதில் ஒருமுறை கோபத்தில் “போய்க் கெணத்துல குதி” என்று அவன் சொன்னதற்கு, நிஜமாகவே கிணற்றுச் சுவர்மேல் ஏறி நின்று, “குதிக்கட்டா?” என்று கேட்டு அவனைக் கதறவிட்டவள். அன்று அழுது மன்னிப்புக் கேட்க முடிந்தது. மனைவி, குடும்பம் என்று ஆன பிறகு, சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ள வாய் வரவில்லை. பின்கட்டை அவன் இடிக்கவும் இல்லை. வழக்கு மட்டும் நடந்தது.

பட்டு நூலைப் பாவும் ஊடையுமாகக் கொடுத்து முள்ளிப்பட்டில் வீட்டுத் தறிகளில் சேலை நெய்து வாங்குவது அவன் தொழில். வாரம் தவறாமல் அந்த ஊருக்குப் போவான். அக்காவின் தெரு வந்தால் மட்டும் வண்டியைத் திருப்பி, ரேஷன் கடைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போவான். ஆனால் எந்தத் தறிக்காரர் வீட்டில் உட்கார்ந்தாலும், பேச்சு எப்படியோ அந்தத் தெருவுக்குப் போய்விட்டுத்தான் வரும்.

இந்த மாசியில் வழக்கு வாதியின் சாட்சியத்துக்கு வந்தது. ஆதிலட்சுமி கூண்டில் ஏறித் தன் பக்கத்தைச் சொல்ல வேண்டும். முதல் வாய்தாவுக்கு அவள் வரவில்லை. அடுத்ததற்கும் வரவில்லை. இவாஞ்சலின் அவகாசம் கேட்டாள். போன் செய்தால் எடுப்பதில்லை என்று பவுல்துரையிடம் வருத்தப்பட்டாள். சந்திரமோகனுக்கு ஒன்றும் புரியவில்லை. முள்ளிப்பட்டில் விசாரித்தால், “நல்லாத்தான் இருக்காங்க. நேத்து கூட கடையில பாத்தேன்” என்றார்கள். கடைசி வாய்ப்பு என்று சொல்லி நீதிபதி ஒரு தேதி கொடுத்தார்.

அந்தத் தேதியில் சந்திரமோகன் கோர்ட் திறக்கும் முன்பே வந்துவிட்டான். முள்ளிப்பட்டு வழியாக வரும் பஸ் ஒவ்வொன்றும் வெளியே ஹாரன் அடிக்கும்போது வாசலைப் பார்த்தான். சிமென்ட் பெஞ்சில் யாரோ ஒரு குடும்பம் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தது. அவர்களை எழுப்பிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

வழக்கு எண்ணைக் கூப்பிட்டார்கள். இவாஞ்சலின் எழுந்து, “கனம் நீதிபதி அவர்களே, வாதியிடமிருந்து எனக்கு எந்தத் தகவலும் இல்லை” என்றாள். குரல் தாழ்ந்திருந்தது. டவாலி வாசலுக்குப் போய்க் குரல் கொடுத்தார்.

“ஆதிலட்சுமி... ஆதிலட்சுமி... ஆதிலட்சுமி!”

தாழ்வாரத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் வரவில்லை.

“பிரதிவாதி இருக்காரா?” என்றார் நீதிபதி.

சந்திரமோகன் கையைத் தூக்கினான். “இருக்கேங்க.”

“ஏதாவது சொல்லணுமா?”

அவன் பவுல்துரையைப் பார்த்தான். அவர் வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையசைத்தார். அவன் தூக்கிய கையை இறக்கினான். 

“மூன்று முறை அழைத்தும் வாதி ஆஜராகவில்லை. வழக்கு தள்ளுபடி” என்று நீதிபதி சொல்லிவிட்டு அடுத்த வழக்குக் கட்டை எடுத்தார். தண்ணீர் குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

வெளியே வந்ததும் பவுல்துரை அவன் முதுகில் தட்டினார். டீக்கடைக்கு அழைத்துப் போனார்.

“அவ்ளோதானா சார்?”

“அவ்ளோதான்.”

“அடுத்து எப்ப வரணும்?”

“எதுக்கு வரணும்? கேஸே இல்லையே.” பவுல்துரை டீயை ஆற்றினார். “அவங்க நெனச்சா முப்பது நாளுக்குள்ள தகுந்த காரணம் காட்டி மனு போடலாம். கோர்ட் ஒத்துக்கிட்டா கேஸ் விட்ட எடத்துல இருந்து உயிரோட வந்துடும். பாகப்பிரிவினைங்கறதால புதுசா இன்னொரு கேஸும் போட்டுக்கலாம். ஆனா மறுபடி சம்மன், பதிலுரை எல்லாம் முதல்ல இருந்து வரும். சலிச்சுட்டாங்க போல. போட மாட்டாங்க.” பிறகு சிரித்தபடி, “நீங்க வாய் தொறக்காம நின்னீங்க பாருங்க, அதுதான் சமத்து. வாதி வராத அன்னிக்கு பிரதிவாதி நின்னு, ‘அவங்க கேக்கறது சரிதான்’னு ஒப்புக்கிட்டா, கோர்ட் தள்ளுபடி பண்ணாது. அவங்க இல்லாமலே அவங்க பக்கம் தீர்ப்பு குடுத்துடும்” என்றார்.

சந்திரமோகன் டீயைக் கீழே வைத்தான்.

“நான் சொல்லியிருந்தா?”

“சொல்லலையே. அதான் ஜெயிச்சீங்க.”

வீட்டில் கீதா கேசரி கிளறி வைத்திருந்தாள். தினம் தினம் கோர்ட் பேஜார் ஒழிந்தது என்று அவளுக்கு நிம்மதி. கணவன் தட்டைத் தொடாமல் போனைப் பார்த்துக்கொண்டே இருந்ததைக் கவனித்தாள். கோர்ட் ஆப்பில் அடுத்த வாய்தா என்றைக்கு என்று காட்டும் இடத்தில், வழக்கு முடிந்தது என்று வந்திருந்தது. அவன் அதை மூடுவதும் திறப்பதுமாக இருந்தான்.

“கேஸ் முடிஞ்சதுக்கா மூஞ்ச இப்படி வெச்சிருக்கீங்க?”

“அக்கா வரல கீதா.”

“ஏன் வரலியாம்?”

“தெரியல. இனிமே அத யாரு கிட்ட கேக்கறது? அந்த மேடத்த எங்க பாக்கறது? கோர்ட்டுக்குப் போனாத்தானே?”

கீதா அவன் தொடாத தட்டை எடுத்தாள். “முள்ளிப்பட்டு என்ன மெட்ராஸ்லயா இருக்குது? ஒரு டப்பாவுல கேசரி போட்டுக் குடுக்கறேன். நேரா போய்க் கேளுங்க” என்றாள்.

மறுநாள் காலை அவன் வண்டி ரேஷன் கடைப் பக்கம் திரும்பவில்லை.

அக்காவின் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. அரிசி மில்லில் வேலை பார்க்கும் அய்யனாருக்கு அன்று மதியம்தான் ஷிப்ட். வாசலில் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருந்தார். முகமெல்லாம் நுரையோடு நிமிர்ந்து பார்த்தவர், ஆச்சரியத்தைக் காட்டிக்கொள்ளாமல் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்.

“ஏய், உன் பிரதிவாதி வந்துகினு இருக்கான்!”

தறிச் சத்தம் நின்றது. ஆதிலட்சுமி தறிக்குழியிலிருந்து மெள்ள ஏறி வந்தாள். முழங்காலைப் பிடித்தபடி நின்று தம்பியைப் பார்த்தாள். நேராகப் பேசும் பழக்கம் விட்டுப்போயிருந்தது. கணவரிடம், “காபியா மோரான்னு கேளு” என்றாள்.

“நான் வக்கீல் இல்ல. நீயே கேட்டுக்க” என்று அய்யனார் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சந்திரமோகன் டப்பாவை நீட்டினான். “கீதா குடுத்துச்சு.”

ஆதிலட்சுமி வாங்கி மூடியைத் திறந்து பார்த்தாள். “சுகர வெச்சுகினு நீ துன்னியா இத?”

“துன்னல.”

“சரி, ஒக்காரு.” அவளும் எதிரே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தாள். “கேஸ் இன்னா ஆச்சு?”

“தள்ளுபடி.”

“சரி.”

“சரின்னா? ஏன்கா வரல? ஒடம்புக்கு ஏதாவதா?”

“ஒடம்புக்கு ஒண்ணுமில்ல.” அவள் டப்பா மூடியை இறுக்கினாள். “கூண்டுல ஏறி சொல்றதுக்கு ஒரு பத்திரம் எழுதி, மேடம் படிச்சுக் காட்டினாங்க. ‘பிரதிவாதி ஆரம்பம் முதலே என்னை ஏமாற்றும் தீய எண்ணத்துடன்’னு ஆரம்பிச்சாங்க. நிறுத்துங்கன்னேன். எல்லாரும் இப்படித்தாம்மா எழுதுவோம், அப்பதான் கேஸ் நிக்கும்னாங்க. அதுக்குக் கையெழுத்து போட்டு, கடவுள் மேல சத்தியம் பண்ணி, ஊர் நடுவுல நின்னு சொல்லணுமாம். எப்படிடா சொல்லுவேன்? நீ ஏமாத்துக்காரன் இல்ல. மொரடன். மொரட்டுத்தனம்னு எழுதிக்கலாமான்னு கேட்டேன். சட்டத்துல அதுக்கு எடமில்லன்னுட்டாங்க.”

அய்யனார் சவரத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார். சந்திரமோகனால் சிரிக்க முடியவில்லை.

“அத மேடத்துகிட்ட சொல்லியிருக்கலாமில்ல? போனக்கூட எடுக்கலியாமே.”

“சொன்னா, அப்ப கேஸ வாபஸ் வாங்குங்கன்னு வேற ஒரு கையெழுத்து கேப்பாங்க. வாபஸ் இன்னாத்துக்கு வாங்கணும்? பங்கு என்னுது. கேட்டது ஞாயம். அதான் போகாம ஒக்காந்துகினேன். அதா போவட்டும்னு விட்டுட்டேன்.”

 சந்திரமோகன் தரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னான்: “வாசல்ல நின்னு உன் பேரக் கூப்பிட்டாங்கக்கா. மூணு தரம். ஒவ்வொரு தரமும் நீ வந்துடுவேன்னு பாத்தேன். உனக்கு இன்னாவோ ஆயிடுச்சுன்னு நெனச்சேன்.”

ஆதிலட்சுமி டப்பாவை ஓரமாக வைத்துவிட்டு ஸ்டூலை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். 

“அந்த நேரத்துல நான், அவங்க கேக்கறது சரின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, உனக்குத் தீர்ப்பு ஆயிருக்குமாம். வக்கீல் சொன்னாரு. ஜட்ஜம்மா என்னக் கேட்டாங்கக்கா, ஏதாவது சொல்லணுமான்னு. நான் கம்முனு நின்னுகினு இருந்தேன்.” அவன் நிமிர்ந்தான். “முப்பது நாள் டைம் இருக்குது. நீ ஒரு மனு போட்டு கேஸ எடு. நான் சொல்றேன்.”

“உனக்கின்னா பைத்தியமாடா? கேஸ் போட்டவ நானு. நானே வேணான்றேன். ஞாயம்தான்னு இப்ப சொல்லிட்டியே, அதுபோதும். கோர்ட்டு இன்னாத்துக்கு?”

“கருமாதி அன்னிக்கு எல்லார் முன்னாலதானே உன்ன கோர்ட்டுக்குப் போன்னேன்? அப்ப எல்லார் முன்னாலதான் சொல்லணும்.”

“பாத்தியா, மொரடன்னு நான் சொன்னது” என்றாள் கணவரிடம். ஆனால் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

காபி வந்தது. சர்க்கரை இல்லாமல். அவன் முகம் சுளித்துக்கொண்டே குடித்தான். போகும்போது வாசலில் நின்று கேட்டான்: “எந்தப் பக்கம் வேணும்கா உனக்கு?”

“எனக்குப் பாதி வீடெல்லாம் எதுக்குடா? இங்க எங்களுக்கு வீடு இருக்குது. நான் அங்க வந்தா கீதா ‘வாங்க, வாங்க’ன்னு கூப்பிடுவா. நல்ல மனசோடதான் கூப்பிடறா. ஆனா ‘வாங்க’ன்னு சொன்னா நான் விருந்தாளிதானே? பொறந்த வீட்ல யாரும் கூப்பிடாம நானா வந்து பூந்துக்கணும். அவ்ளோதான் என் கேஸு.”

இரண்டு நாள் கழித்து ஆதிலட்சுமி இவாஞ்சலினின் அலுவலகத்துக்குப் போனாள். அவளை வண்டியில் ஏற்றி வந்ததே சந்திரமோகன்தான். அவனைப் பார்த்ததும் இவாஞ்சலின் கையை நீட்டித் தடுத்தாள்.

“சார், நீங்க எதிர்க்கட்சி. என் ஆபீஸுக்குள்ள உட்காரக் கூடாது. உங்க வக்கீல் என்னச் சும்மா விடமாட்டார்.”

“நான் வெளிய நின்னுகறேங்க” என்று அவன் ஜன்னலுக்கு வெளியே, பன்னீர் மரத்து நிழலில் போய் நின்றான்.

ஆதிலட்சுமியைப் பார்த்ததில் இவாஞ்சலினுக்குக் கோபமும் நிம்மதியும் சேர்ந்து வந்தன. விஷயத்தைக் கேட்டதும் கோபம் போய்விட்டது. கணினியைத் திறந்தாள்.

“சரிம்மா. கேஸை மறுபடி கோப்புல எடுக்கணும்னா, அன்னிக்கு ஏன் வரலன்னு தகுந்த காரணம் சொல்லணும். வழக்கமா மஞ்சள் காமாலைன்னு போடுவோம். படுத்த படுக்கையா இருந்தேன், நாட்டு மருந்து சாப்பிட்டேன்னு.”

“எனக்குக் காமாலையே வந்ததில்லையே மேடம்.”

“வந்துச்சு. அஞ்சாவது படிக்கிறப்ப” என்றது ஜன்னல்.

“அது உனக்குடா! கீழாநெல்லி அரைச்சுக் குடுத்ததுக்கு என் கையக் கடிச்சியே!”

இவாஞ்சலின் மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். சிரித்து முடித்து நிமிர்ந்தபோது ஆதிலட்சுமி தீர்மானமாகச் சொன்னாள்: “பொய் சொல்ல மாட்டேன்னுதான் மேடம் கூண்டுல ஏறல. இப்ப பொய் சொல்லி ஏறுனா, அதுக்கு அன்னிக்கே ஏறியிருக்கலாமே. உள்ளதயே எழுதுங்க.”

“உள்ளதை எழுதினா ஜட்ஜ் ஏத்துக்கணும்னு கட்டாயம் இல்லம்மா.”

“ஏத்துக்கலன்னா பரவால்ல. நான் நடந்து வந்து சொன்னேன்னு இருக்கட்டும்.”

 இவாஞ்சலின் தட்டத் தொடங்கினாள். தயார் வாசகங்கள் எதுவும் அதற்குப் பொருந்தவில்லை. ஒவ்வொரு வரியையும் ஆதிலட்சுமியிடம் கேட்டுக் கேட்டு எழுத வேண்டியிருந்தது.

பவுல்துரை முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. “ஜெயிச்ச கேஸைத் திருப்பிக் குடுக்கச் சொல்ற முதல் கட்சிக்காரர் நீங்கதான்” என்றார். “விட்டுக்குடுக்கணும்னா ரிஜிஸ்டர் ஆபீஸ்ல ஒரு பாகப்பிரிவினைப் பத்திரம் போட்டாப் போதும். சுலபம்.” சந்திரமோகன் அசையவில்லை. கடைசியில், “நான் ஆட்சேபணை இல்லன்னு மட்டும் எழுதறேன். மிச்சத்த நீங்களே பேசிக்குங்க” என்றார். அவருக்கும் உள்ளுக்குள் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது என்பது, மனு வந்த அன்று வேறு ஒரு வழக்கைத் தள்ளிவைத்துவிட்டு முன்வரிசையில் வந்து உட்கார்ந்ததில் தெரிந்தது.

கோர்ட்டில் கூட்டம் நிறைந்திருந்தது. நீதிபதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மனுவைப் படித்தார். பாதியில் நிறுத்தி, மறுபடியும் மேலிருந்து படித்தார்.

“இங்க வாங்கம்மா. இது நீங்க சொல்லி எழுதினதா?”

“ஆமாங்க.”

“‘என் தம்பி ஏமாற்றுக்காரன் என்று சத்தியம் செய்து சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால் வரவில்லை. பங்கு கேட்பதை நான் விடவும் இல்லை.’ இதுதான் நீங்க வராததுக்குக் காரணமா?”

“ஆமாங்க.”

“வக்கீல் கிட்ட சொல்லி வேற மாதிரி எழுதியிருக்கலாமே?”

“அவங்க காமாலைன்னாங்க. நான்தான் வேணான்னேன்.”

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. இவாஞ்சலின் முகம் சிவந்து தலையைக் குனிந்துகொண்டாள். நீதிபதியும் காகிதத்தால் வாயை மறைத்துக்கொண்டதாகப் பிற்பாடு பவுல்துரை சொன்னார்.

“பிரதிவாதி தரப்பு?”

பவுல்துரை எழுந்தார். “ஆட்சேபணை இல்லை.”

“மனு அனுமதிக்கப்படுகிறது. வழக்கு மறுபடி கோப்பில் எடுக்கப்படுகிறது. வாதி சாட்சியத்துக்கு—”

“அம்மா!”

சந்திரமோகன் பின்வரிசையில் எழுந்து நின்றிருந்தான்.  டவாலி உட்காரும்படி சைகை காட்டினார். நீதிபதி கையை உயர்த்தி அவரை நிறுத்தினார்.

“நீங்க?”

“நான்தாங்க பிரதிவாதி. போன தரம் நீங்க என்னக் கேட்டீங்க, ஏதாவது சொல்லணுமான்னு. அப்ப சொல்லல.” அவன் அக்கா பக்கம் கையைக் காட்டினான். “எங்க அக்கா கேக்கறது ஞாயம். வீட்ல பாதி அவங்களுது. எங்கப்பா சாவறதுக்கு முன்னாலயும் அப்படித்தான், இப்பவும் அப்படித்தான். நான்தான் கோவத்துல கோர்ட்டுக்குப் போன்னு சொன்னேன். அவங்க சாட்சி கூண்டு ஏற வேணாங்க. நான் ஒத்துக்கறேன்.”

 ஆதிலட்சுமி திரும்பி அவனைப் பார்த்தாள். அத்தனை பேர் முன்னால், வக்கீல் நடுவில் இல்லாமல், “மொதல்ல ஒக்காருடா, கால் நடுங்குது பாரு” என்றாள்.

நீதிபதி பேனாவை எடுத்தார். “இதை வாயால சொன்னாப் போதாது. எந்தப் பகுதி யாருக்குன்னு ரெண்டு பேரும் பேசி, சமரச மனுவா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவாங்க. அதன்படி தீர்ப்பு தரேன்.” அடுத்த வழக்கை எடுக்கும் முன், “இந்தத் தடவை ரெண்டு பேரும் வந்துடணும்” என்றார்.

சமரச மனு எழுதியது இலேசாக முடியவில்லை. சாலையைப் பார்த்த பக்கத்தை அக்கா எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவன் சொன்னான். உன் தறி இரண்டும் அங்கேதான் இருக்கின்றன, அதை எடுத்துக்கொண்டு நான் என்ன பாவு விரிக்கவா என்று அவள் சொன்னாள். கீதாவும் வந்து நடுவில் பேசினாள். புங்கமரத்தடியில் பெஞ்சைச் சுற்றி அவர்கள் போட்ட சத்தத்தைக் கேட்டு, இது ஏதோ பெரிய விவகாரம் என்று நினைத்துக் காவலர் ஒருவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் வடக்குப் பக்கத்துக் கூடமும் பின்கட்டும் ஆதிலட்சுமிக்கு என்று முடிவாயிற்று. அந்தப் பக்கத்துச் சந்தில் ஒரு வாசல் வைத்துக்கொள்ளலாம். சித்திரை பிறந்ததும் தீர்ப்பு வந்தது.

வைகாசியில் வாசல் வைத்தார்கள். சாவியை ஆதிலட்சுமி இடுப்பில் செருகிக்கொண்டாள். யாரிடமும் சொல்லாமல் ஒரு புதன்கிழமை வந்து, கதவைத் திறந்து, கூடத்தைக் கழுவிவிட்டாள். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டு கீதா சுவருக்கு இந்தப் பக்கமிருந்து, “யாரது?” என்றாள்.

“நான்தான்! மோட்டரப் போட்டு விடு!”

கீதா வாங்க என்று சொல்லவில்லை. மோட்டரைப் போட்டாள்.

ஆனியில் அந்தக் கூடத்தில் ஒரு தறி வந்து இறங்கியது. முள்ளிப்பட்டு வீட்டில் மருமகளும் நெய்வதால் இடம் போதவில்லை, வாரத்தில் நாலு நாள் இங்கே வந்து நெய்வேன் என்றாள் ஆதிலட்சுமி. சந்திரமோகனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அக்காவுக்கென்று நல்ல பட்டாகப் பார்த்து எடுத்துவைத்தான். மயில்கழுத்து நிறத்தில் பாவு, அரக்கில் பார்டர். அதைத் தூக்கிக்கொண்டு சந்து வழியாகப் போனவன் வாசலிலேயே நின்றுவிட்டான். தறியில் ஏற்கெனவே மாம்பழ மஞ்சளில் பாவு ஏறியிருந்தது. ஆதிலட்சுமி நெய்துகொண்டிருந்தாள்.

“இது யாரு பாவுக்கா?”

“கமலக்கண்ணன் குடுத்தாரு.”

கமலக்கண்ணன் அடுத்த தெருவில் இருப்பவர். தொழிலில் சந்திரமோகனுக்கு நேர்ப் போட்டி. போன வருடம்தான் அவனுடைய டிசைன் ஒன்றைப் பார்த்து அப்படியே இறக்கிவிட்டார் என்று இரண்டு பேருக்கும் வாய்ச் சண்டை நடந்திருந்தது.

“கமலக்கண்ணனா? ஏங்கிட்ட கேட்டிருந்தா நான் குடுக்க மாட்டேனா?”

“உங்கிட்ட வேல செஞ்சா இழை விட்டுச்சு, அடிப்பு சரியில்லன்னு நீ கத்துவ. நான் திரும்பக் கத்துவேன். இப்பதான் ஒரு கேஸ் முடிஞ்சுது. இன்னொண்ணு வேணாம்.”

“அக்கா, ஊர் சிரிக்கும்! என் வீட்ல ஒக்காந்துகினு, கமலக்கண்ணனுக்கா நெய்யற?”

ஆதிலட்சுமி நெய்வதை நிறுத்தினாள். தலையை மட்டும் நிமிர்த்தினாள்.

“யாரு வூட்ல?”

 சுவருக்கு அந்தப் பக்கம் கீதா சிரிப்பது கேட்டது. அவன் பாவைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு திரும்பினான். நாலு எட்டு வைத்தவன் மறுபடி வந்து, தறிமேல் குனிந்து, மாம்பழ மஞ்சளில் ஓடியிருந்த பார்டரைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தான்.

“தள்ளி நில்லு” என்றாள் அக்கா. “டிசைன பாக்காத.”